அளவுச் சட்டை

வேட்டியைத் தொந்திக்கு மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா? என் வாலிபத்தில் என்னைப் பாடாய்ப் படுத்திய கேள்வி இதுதான். மற்றவர்களுக்குப் பெரிய பெரிய கவலைகள் இருந்தன. உலகத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சர்க்கரை கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. மதுரைக்கும் போடிக்கும் ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கும் அந்தக் கவலைகளெல்லாம் உண்டு. ஆனால் காலையில் குளித்துவிட்டு வேட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் வந்து நிற்பது தொந்திதான்.

மேலே கட்டினால் இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. கீழே கட்டினால் பத்தடிக்கு ஒரு தரம் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பல வருஷம் பட்டுத்தான் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். தொப்புளுக்கு நேரே, அரைஞாண் கயிற்றை ஒட்டிக் கட்ட வேண்டும். எட்டு முழம் எனக்கு ஆகாது. அது முன்பக்கம் வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோகும், ஆனி ஆடியில் மலையிலிருந்து இறங்குகிற மேகாற்று மிச்சத்தையும் தூக்கிவிடும். பத்து முழம்தான் சரி. மல் துணி வேர்வையில் ஒட்டிக்கொண்டு உள்ளதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். கதர் கட்டினால் நான் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துப்போவேன். சட்டையைத் தொளதொளவென்று தைத்தால் உடம்பு மறையும் என்று தையல்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். சுத்தப் பொய். தோளில் அச்சாக உட்கார வேண்டும், அங்கிருந்து நேராக இறங்க வேண்டும், தொந்தியைத் தொடாமல் தாண்டிப் போக வேண்டும். தோள் சரியாக இருந்துவிட்டால் பார்க்கிறவன் கண் அங்கேயே நின்றுவிடும்.

இவ்வளவு யோசித்து உடுத்தினாலும் கரி பஸ்ஸில் ஏறினால் மரியாதை போய்விடும். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். கண்டக்டர் நேராக என்னிடம்தான் வருவான். "அண்ணே, யாரும் எறங்க வேணாம். நீங்க மட்டும் எறங்கினாப் போதும், ஏறிரும்." பஸ் முழுக்கச் சிரிக்கும். நான் இறங்கி, வேட்டி மடிப்புக் கலையாமல் மேட்டின் மேல் நடந்துபோய் மறுபடி ஏறிக்கொள்வேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் கோபப்பட்டால் வேர்க்கும், வேர்த்தால் சட்டை ஒட்டும். ஆகவே கோபத்தை அடக்கவும் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தேனியில் ஒரு ஜின்னிங் மில்லில் பருத்தி தரம் பார்க்கிற வேலை. வண்டியில் வருகிற பருத்தியில் ஒரு பிடி எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பஞ்சை இழுத்து, இழை எவ்வளவு நீளம், எவ்வளவு வலு என்று சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் சொல்லிவிடும். நாள் முழுக்கப் பஞ்சுக்குள் நிற்பேன், மீசையெல்லாம் பஞ்சாக இருக்கும். ஆனால் ஒரு நல்ல சட்டைத் துணி வேண்டுமென்றால் கண்ட்ரோல் கடை வரிசையில் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆளுக்கு இத்தனை கஜம் என்று கணக்கு. ஒல்லிக்கும் அதே கஜம், எனக்கும் அதே கஜம். இதைப் பற்றி நான் கடைக்காரரோடு ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். "கார்டுல ஆளுன்னுதான் போட்டிருக்கு, அளவு போடலையே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அல்லிநகரத்தில் நானும் என் ஆத்தாவும் இருந்தோம். அப்பா போய்ப் பல வருஷம். அக்காவைப் பக்கத்திலேயே பழனிசெட்டிபட்டியில் கொடுத்திருந்தது. நான் கல்யாணமாகாமல் இருந்ததற்கு வேறு காரணமே கிடையாது, உடம்புதான். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள கிரகமெல்லாம் எனக்கு மட்டும் ஏன் இப்படி விரோதமாக இருக்க வேண்டும் என்று ஆத்தா கேட்பாள்.

கம்பத்தில் ஒரு சம்பந்தம் பேசி, நிச்சயம் வரைக்கும் போனது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் முகூர்த்த வேட்டியும் சட்டையும் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார்தான் கொடுக்க வேண்டும். மணையில் அதைத்தான் உடுத்தி உட்கார வேண்டும். ஆனால் நிச்சயமான மாப்பிள்ளையை நாடா போட்டு அளக்க மாட்டார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் உடம்பை அளப்பது ஆகாது என்பார்கள், அளப்பது என்றால் நினைவுக்கு வருவது பாடையும் குழியும். ஆகவே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சட்டையை வாங்கிக்கொண்டு போய், அதைப் பார்த்துத் தைப்பார்கள். அதற்கு அளவுச் சட்டை என்று பெயர்.

கம்பத்துக்கு என் அளவுச் சட்டை போயிற்று. பதினைந்தாவது நாள், துவைத்து இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். சரி என்று விட்டுவிட்டோம். ஒரு மாதம் கழித்து, கம்பத்திலிருந்து பருத்தி ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் மில் முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னார். அவர் தெருவில் ஒரு வீட்டுக்கு அளவுச் சட்டை ஒன்று வந்ததாம். பொம்பிளைகள் அதைக் கூடத்தில் விரித்துப் பார்த்தார்களாம். "ஆத்தே, இதுக்குள்ள ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாமே" என்றாளாம் ஒருத்தி. இரண்டு குமரிகள் ஒரே நேரத்தில் அதற்குள் புகுந்து, ஆளுக்கு ஒரு கையை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்களாம். கல்யாணப் பெண் அதைப் பார்த்துவிட்டு அழுது அடம்பிடித்துச் சம்பந்தத்தையே நிறுத்திவிட்டதாம். முற்றத்தில் இருந்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது யாருடைய சட்டை என்று அவருக்குத் தெரியாது. நானும் சிரித்தேன்.

இது நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு பங்குனி மாதம், ஜெயமங்கலத்தில் பெண் பார்க்கப் போனோம். கொஞ்சம் நன்செய், மேட்டில் கொஞ்சம் பருத்திக்காடு என்று இருக்கிற குடும்பம். பெண் வந்து கும்பிட்டுவிட்டு நின்றது. ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அது எனக்குப் புதுசு. ஆனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு நான் அதிகமாகப் பார்த்தது பெண்ணின் அப்பா கட்டியிருந்த வேட்டியை. நாவல்பழ நிறத்தில் விரற்கடை அகலக் கரை. நல்ல நீள இழைப் பஞ்சில் நூற்ற நூல், சண்டைக்கு முந்தின நெசவு. அந்த மாதிரித் துணி கண்ணில் பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒல்லியான மனிதர், எலும்பும் தோலும்தான், ஆனால் அந்த வேட்டியில் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவர்களுக்குச் சம்மதம் என்று தகவல் வந்தபோது நாங்கள் நம்பவில்லை. ஆத்தா இரண்டு தடவை ஆள் அனுப்பி உறுதி பண்ணிக்கொண்டாள். வைகாசியில் முகூர்த்தம், பெண் வீட்டில் கல்யாணம். சித்திரை பிறந்ததும் பெண்ணின் அண்ணன் அளவுச் சட்டைக்காக வந்து நின்றார்.

"வேட்டிக்கு அளவு தேவையில்ல, எங்க தாய்மாமன் பத்து முழம் வாங்கி வச்சிருக்காக" என்றார். "சட்டைக்குத்தான் துணிக்கு அலைஞ்சோம் மாப்பிள்ளை. கல்யாணத்துக்குன்னு தனியா மனு குடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் வரல. வீட்டுக் கார்டுல இந்த வாட்டி விழுந்த லாங்கிளாத்துத் துணி பூராத்தையும் உங்க சட்டைக்குன்னு எடுத்து வச்சிருக்கோம். ஒரு நல்ல சட்டையாக் குடுங்க, அதைப் பாத்து வெட்டச் சொல்றேன்."

உள்ளே போனேன். பெட்டியில் இரண்டு சட்டை இருந்தது. ஒன்று நான் அப்போது போட்டுக்கொண்டிருந்த அளவு. இன்னொன்று நாலு வருஷத்துக்கு முந்தியது, எனக்கு டைபாய்டு வந்து எழுந்திருந்தபோது தைத்தது. என் ஆயுளில் நான் ஓரளவுக்கு ஒல்லியாக இருந்தது அந்த மூன்று மாதம்தான். தோள் அழகாக உட்கார்ந்த சட்டை. அப்புறம் அது எனக்குச் சேரவே இல்லை, ஆனாலும் தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருந்தேன்.

கூடத்தில் விரிப்பார்கள் என்று நினைத்தேன். ஜெயமங்கலத்திலும் பொம்பிளைகள் இருப்பார்கள், குமரிகள் இருப்பார்கள். அந்தப் பெண்ணும் நின்று பார்க்கும். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், கைதான் போய் அந்தச் சின்னச் சட்டையை எடுத்தது. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆத்தா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். பஸ் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. நாற்பது நாளில் அந்தச் சட்டைக்குள் போய்விடுவது என்று முடிவு பண்ணினேன். காலையில் கேப்பைக் கூழ், ராத்திரி வெறும் மோர். தேனியிலிருந்து வீட்டுக்கு நடை. ஆத்தா பயந்துபோய்விட்டாள். "ஏலே, கல்யாணம் நெருங்குறப்ப இப்பிடிச் சோறு எறங்காமக் கெடக்கியே, பொண்ணு புடிக்கலையா?" என்று கேட்டாள். அக்கா ஓடி வந்து மந்திரிக்க ஆள் கூட்டிவரட்டுமா என்றாள். நான் எரிந்து விழுந்தேன். மில்லில் பருத்தி நிறுக்கிற பெரிய தராசில் வாரம் ஒரு தரம் ஏறி நின்று பார்த்தேன். நாலு வாரத்தில் என் உடம்பிலிருந்து போனது, ஒரு சட்டைப் பொத்தானை ஓரங்குலம் தள்ளித் தைக்கக்கூடக் காணாது.

சித்திரை கடைசியில் ஒரு நாள், பெண்ணின் அப்பா பருத்தி வண்டியோடு மில்லுக்கு வந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேறு ஒருவர் பருத்தியில் பஞ்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி என் பின்னால் நின்றாரோ தெரியாது. திரும்பியபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மாமா, எப்ப வந்தீக?"

"இப்பத்தான் மாப்பிள்ளை." என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை வெட்டியாச்சு. தையலுக்குக் குடுத்திருக்கு. அந்த அளவு உங்களுக்குச் சரியா இருக்குமுல்ல?"

அவராகவே கேட்டார். வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பான். "அச்சா இருக்கும் மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, அதிகம் பேசாத அந்த மனிதர், ஒரு காரியம் செய்தார். என் பக்கத்தில் வந்து, "வாங்க, ஒரு காப்பி குடிப்போம்" என்று என் முதுகில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். இடது தோளுக்குக் கீழே ஒரு தட்டு, நடு முதுகில் ஒரு தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு. விரல்களை நன்றாக விரித்து, உள்ளங்கை முழுக்கப் பதியும்படி தட்டினார். கடை வரைக்கும் என் தோளில் கைபோட்டுக்கொண்டே நடந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா இல்லாத பிள்ளைக்கு அப்பாவாக ஒரு மனிதர் கிடைத்துவிட்டார் என்று ஆத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனாலும் அந்தப் பொய் உள்ளே கிடந்து அறுத்தது. இரண்டு வழி இருந்தது. ஆள் அனுப்பி, அளவு தப்பு என்று சொல்லலாம். வெட்டின துணியை என்ன செய்வார்கள்? ஒரு வீட்டின் கார்டுத் துணி முழுக்க அதில் போய்விட்டது. வேறு துணிக்கு எங்கே போவார்கள்? ஏன் தப்பான சட்டையைக் கொடுத்தாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? இன்னொரு வழி, சட்டையே வேண்டாம், பழைய காலம் மாதிரி மேலுக்குத் துண்டு போட்டுக்கொண்டு மணையில் உட்காருகிறேன் என்பது. பந்தல் நிறையச் சனத்துக்கு நடுவில் இந்த உடம்பைத் திறந்துபோட்டுக்கொண்டு! அதற்கு நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் இருந்துவிடுவேன். ஒன்றும் செய்யாமல் நாளைக் கடத்தினேன். முகூர்த்தத்தன்று அந்தச் சட்டைக்குள் கை நுழையாமல் நான் நிற்கப்போகிறேன், கம்பத்துக் கதைக்கு ஜெயமங்கலத்தில் ஒரு வால் முளைக்கப்போகிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

வைகாசியும் வந்தது. பெண் வீட்டுப் பந்தலில் மாப்பிள்ளை அழைப்பெல்லாம் முடிந்து, காலையில் தாம்பாளத்தில் வேட்டியும் சட்டையும் வைத்து, சந்தனம் குங்குமத்தோடு என் கையில் கொடுத்தார்கள். உடுத்தி வரச்சொல்லி நெல்மூட்டை அடுக்கியிருந்த ஒரு அறையைக் காட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன். வேட்டியைக் கட்டினேன். அது பத்து முழம், அதில் குறையில்லை. சட்டையை எடுக்கக் கை வரவில்லை. வெளியே மேளம் ஒரு பாட்டை முடித்து அடுத்ததை ஆரம்பித்துவிட்டது. "மாப்பிள்ளை, நேரமாகுது" என்று கதவைத் தட்டினார்கள்.

சட்டையை உதறிக் கையை விட்டேன். கை நுழைந்தது. இன்னொரு கையை விட்டேன். அதுவும் நுழைந்தது. பொத்தானைப் போட்டேன், மேலிருந்து கீழ்வரைக்கும் ஒவ்வொன்றாக, மூச்சை இழுத்துப் பிடிக்காமலே போட முடிந்தது. தோள் அச்சாக உட்கார்ந்திருந்தது. தொந்தியைத் தொடாமல் தாண்டிப் போயிற்று. என் முப்பத்தொரு வருஷத்தில் எந்தத் தையல்காரனும் எனக்கு அப்படி ஒரு சட்டை தைத்ததில்லை.

சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. கையைக் கீழே தொங்கவிட்டபோது விரல் பக்கவாட்டில் பட்டது. என் விரல் பொல்லாதது. முன்னாலும் பின்னாலும் கண்ட்ரோல் கடை லாங்கிளாத்து, சொரசொரப்பு, கஞ்சி. பக்கவாட்டில் இருந்தது வேறு. வழுவழுவென்று, நீள இழைப் பஞ்சு. சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும், இரண்டு பக்கமும், ஒரு சாண் அகலத்துக்குத் துணி வைத்து ஒட்டுத் தெரியாமல் தைத்திருந்தது. உள்பக்கம் மடித்த தையலுக்குள் கரை ஓடிற்று, நாவல்பழ நிறத்தில், விரற்கடை அகலத்துக்கு.

அப்போதுதான் அந்த மூன்று தட்டு எனக்கு விளங்கியது. இடது தோளுக்குக் கீழே ஒரு சாண், நடு முதுகில் ஒரு சாண், வலது பக்கம் ஒரு சாண். தட்டிக்கொடுக்கவில்லை, அளந்திருக்கிறார். நாடா போடக் கூடாது என்பதால் கையால் அளந்திருக்கிறார். நான் பொய் சொல்கிறேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துகொண்டு, அதை என் முகத்தில் காட்டாமல், காப்பியும் வாங்கிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். நெல்மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. உடம்பைப் பற்றி நான் பட்ட வெட்கமெல்லாம் அதற்குக் கால்தூசி பெறாது.

மணையில் போய் உட்கார்ந்தேன். அந்தச் சட்டையில் நான் நன்றாக இருந்தேன் என்று நினைக்கிறேன். "இன்னிக்குத்தான்டா நீ ஒரு ஆளாத் தெரியிற" என்று அக்கா காதருகே குனிந்து சொல்லிவிட்டுப் போனாள். பெண்ணைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தாரை வார்க்க வேண்டும், பெண்ணின் அப்பாவைக் கூப்பிடுங்கள் என்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் செம்போடு வந்தார். நீலம் போட்டு வெளுத்த பழைய வேட்டி. முழங்காலுக்குக் கீழே ஒரு ஒட்டு, பின்பக்கம் இன்னொரு ஒட்டு. ஒட்டு வெளியே தெரியாமல் மடித்துக் கட்டப் பார்த்திருக்கிறார், அது மறையவில்லை.

எங்கள் அக்காவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மேளத்தை நிறுத்தியிருந்த நேரமாகப் பார்த்துப் பேசினாள்.

"பாருங்க ஆத்தா இந்தக் கூத்தை. பொண்ணு குடுக்குற மகராசன் ஒட்டுப் போட்ட வேட்டியோட வந்து நிக்கிறாக. பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் பளபளன்னு கட்டியிருந்தாக. இப்ப வேல முடிஞ்சுச்சு, நமக்கு இது போதும்னு நெனச்சுட்டாக."

"அதானே" என்றார் எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர். "சபைக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?"

எல்லார் கண்ணும் அந்த ஒட்டின் மேல் போயிற்று. பெண்ணின் அண்ணன் வாயைத் திறந்தார். அவர் அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உங்கள் தம்பிக்குத்தான் வெட்டிக் கொடுத்தேன் என்று ஒரே வார்த்தை. அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தப்பா நெனைக்காதீக, துணி கெடைக்கல" என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். மேளம் அடித்திருப்பார்கள், தாலி கட்டியிருப்பேன், ஊர் அவரைக் கஞ்சன் என்று சொல்லிக்கொண்டு பாயசம் குடித்துவிட்டுப் போயிருக்கும். என் தொந்தி பத்திரமாக இருந்திருக்கும்.

"அக்கா, வாய மூடு" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவுக நல்ல வேட்டி இங்கன, எம் மேல இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. வலது கையை நன்றாகத் தூக்கி, அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் பக்கத்துணியை விரித்துக் காட்டினேன். விளிம்பைத் திருப்பிக் கரையையும் காட்டினேன்.

"அளவுச் சட்டைன்னு நான் குடுத்தது எனக்குச் சேராத பழைய சட்டை. டைபாய்டுல கெடந்து எந்திரிச்சப்பத் தச்சது. எம் பருமனை இவுக வீட்டுல விரிச்சுப் பாத்துச் சிரிப்பாகன்னு பயந்து, பொய்யளவு குடுத்தேன். துணியெல்லாம் அந்த அளவுக்கு வெட்டிட்டாக. எனக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சு, தன்னோட வேட்டிய வெட்டி ரெண்டு பக்கமும் வச்சுத் தச்சுக் குடுத்திருக்காக. கேக்குறதுன்னா என்னையக் கேளு."

அத்தனை பேரும் என் பக்கவாட்டைப் பார்த்தார்கள். கல்யாண மணையில், கையைத் தூக்கிக்கொண்டு, இதுதான் என் அகலம் என்று ஊருக்கே காட்டின மாப்பிள்ளை இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பந்தலின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு பக்கத்துக்கு ஒரு சாணுன்னா ரெண்டு பக்கத்துக்கும் ஒரு முழம்ல! அவுக கோவணத்துக்காச்சும் மிச்சம் வச்சீகளா மாப்பிள்ளை?" பந்தல் முழுக்கச் சிரித்தது. மேளக்காரர் சிரித்தார். அக்காகூட வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள், அவள் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறது, எல்லாம் போயிற்று என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன்.

பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. செம்பை மகன் கையில் கொடுத்துவிட்டு என் அருகே வந்தார். தூக்கின கைக்குக் கீழே தையலைக் குனிந்து பார்த்தார், கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"கைய எறக்குங்க மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. "தையல் விட்டுரப் போகுது. வேற துணி இல்ல."

இறக்கினேன்.